போடி பஜாரில் ஒரு லேமினேஷன் மெஷின்

லேமினேஷன் தொழிலில் கெட்டுப்போனதைத் திருத்த வழியே கிடையாது. கவருக்குள் போனது போனதுதான். எண்பதுகளின் கடைசியில், போடி பஜாரில் படங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்த நான் இந்த வம்பை விலைக்கு வாங்கினேன். ஊராருடைய அசல் காகிதம் ஒன்று கருகினால் போதும், அப்புறம் ஒருவரும் கடைப்படி ஏற மாட்டார்கள். அந்தப் பயத்தோடு கடை திறந்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

சத்தம் வராத மெஷின்

மதுரையில் இரண்டு வகை காட்டினார்கள். ஒன்று இஸ்திரிப் பெட்டி மாதிரி மேலிருந்து அழுத்துவது. மற்றது சூடான ரோலர். இந்தப் பக்கம் கொடுத்தால் அந்தப் பக்கம் வந்துவிடும். எனக்கு ரோலர்தான் பிடித்தது. துணைக்கு வந்த என் மச்சான் தோட்டத்துக்கு மோட்டார் பம்ப் வாங்கிப் பழகியவர். மெஷினைத் தூக்கிப் பார்த்தார், கனம் போதவில்லை. அதன்மேல் காதை வைத்துக் கேட்டார். பிறகு என்னை ஓரமாக அழைத்துப்போய்ச் சொன்னார்: "மாப்ள, சத்தமே காணோம். இது ஓடுதுன்னு வர்றவுகளுக்கு எப்படித் தெரியும்?"

ஏலக்காய்க் கை

கவரில் மெல்லிசும் உண்டு, தடிப்பும் உண்டு. தடித்த கவருக்குச் சூடு நன்றாக ஏற வேண்டும். எங்கள் ஊர்ச் சாயங்காலக் கரண்டுக்கு அது தோதுப்படாது. கடை லைசென்ஸ் கொண்டுவந்த ஓர் ஏலக்காய் வியாபாரி இரண்டு கவரையும் விரலில் தேய்த்தார், உதறினார், தொழில் பழக்கத்தில் முகர்ந்தும் பார்த்தார். தடித்ததுதான் வேண்டும் என்றார்.

பாதி உள்ளே போனதும் கரண்ட் நின்றது. லைசென்ஸ் ரோலருக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. எனக்கு வேர்த்துக் கொட்டியது. அவரோ, இதுவும் வேலையில் ஒரு பகுதி என்று நினைத்து ஸ்டூலில் சாவகாசமாக உட்கார்ந்துவிட்டார். கரண்ட் வந்து, நல்லவேளையாக லைசென்ஸ் முழுசாக வெளியே வந்தது. தாமதத்துக்கு நான் வருத்தம் சொன்னபோது அவர் என்னைத் தேற்றினார்: "மெதுவாக் காஞ்சாத்தேன் நல்லது தம்பி. ஏலக்காய அவசரப்பட்டுக் காய வச்சா நெறம் போயிரும்ல."

வெள்ளிக்கிழமைப் பொட்டு

மலைமேல் எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து ஓர் அம்மா, இறந்துபோன கணவரின் போட்டோவைக் கொண்டுவந்தார். கணவர் படமென்று இருந்தது அது ஒன்றுதான். கண்ணாடிக்குள்ளும் ஈரம் புகுந்து ஓரமெல்லாம் பூஞ்சை. வீட்டிலேயே சட்டத்தைக் கழற்றி எடுத்தவர், அன்று வெள்ளிக்கிழமை என்பதால் சாமி கும்பிட்டு, போட்டோவின் நெற்றியிலேயே குங்குமம் வைத்துவிட்டார். துடைத்துவிட்டுத்தான் கவரில் போட வேண்டும் என்றேன். வெள்ளிக்கிழமை கணவரின் பொட்டைத் துடைக்கவே கூடாது என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டார்.

குங்குமத்தோடு போட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. என்னுடைய போட்டோ ஒன்றில் பொட்டு வைத்து முதலில் ஓட்டிப் பார்த்தேன், படம் கருகவில்லை. உயிரோடு இருக்கிறவன் படத்துக்குப் பொட்டு வைத்ததற்காக என் மனைவி பேசியதையெல்லாம் இங்கே எழுத முடியாது. பிறகு அந்த அம்மா கொண்டுவந்த போட்டோவை ரோலருக்குள் கொடுத்தேன். முகம் பிழைத்தது. ஆனால் பொட்டைச் சுற்றி ஒரு குமிழ் எழும்பி அப்படியே நின்றுவிட்டது. மனசு கேட்காமல் மன்னிப்புக் கேட்டேன். அவர் பொட்டின்மேல் விரலை வைத்துப் பார்த்தார், அது கலையவில்லை. போட்டோவை முந்தானையில் சுற்றிக்கொண்டு சொன்னார்: "இருக்கட்டும் தம்பி. இனி ஒரு வெள்ளிக்கிழமை நான் மறந்துட்டாலும் அவுக கோவிச்சுக்கிட மாட்டாக."

மெஷின் வாங்கப் போகும் அன்பர்களே, ரோலரையும் கவரையும் எப்படியும் பார்த்து வாங்கிவிடலாம், அதற்குள் எதை வைக்கச் சொல்லி ஆள் வருவார்கள் என்பதை மட்டும் மதுரையில் எந்தக் கடையிலும் சொல்ல மாட்டார்கள்.