பெருமாள் பாதத்தில் ஒரு ஃபோல்டர்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் கால்மேல் கால் போட்டு உட்காரக் கூடாது. அப்பாவின் சட்டம். ஏனென்றால் திரையில் திருவிடந்தைப் பெருமாள் இருந்தார்.

அப்பாவுக்குக் கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி வேலை. அணுவைப் பற்றி எதைக் கேட்டாலும் தயங்காமல் சொல்வார். பல்லி கத்தினால் மட்டும் பேச்சை நிறுத்திவிடுவார். எனக்கு வரன் தள்ளிக்கொண்டே போனதால் திருவிடந்தைக்குக் கூட்டிப்போனார். கல்யாணம் ஆகாதவர்கள் அங்கே பெருமாளுக்குச் சாத்திய மாலையைப் போட்டுக்கொண்டு ஒன்பது முறை பிரகாரம் சுற்றவேண்டும். மாலையை வீட்டில் பத்திரமாக வைத்திருந்து, கல்யாணம் ஆனதும் ஜோடியாகப் போய்த் திருப்பிக் கொடுக்கவேண்டும். என் மாலை மானிட்டருக்கு மேலே ஆணியில் காய்ந்துகொண்டிருந்தது.

கோயில் வாசலில் வாங்கிய படத்தை ஸ்கேன் செய்து டெஸ்க்டாப்பில் போட்டதும் அப்பாதான். முதலில் ‘டைல்’ கொடுத்தார். திரை முழுக்கக் குட்டிக் குட்டிப் பெருமாள்கள். இத்தனை பேர் சேர்ந்துமா ஒரு மாப்பிள்ளை கிடைக்கவில்லை என்றேன். முறைத்தார். ‘ஸ்ட்ரெட்ச்’ கொடுத்தால் பெருமாளுக்குத் தொப்பை விழுந்தது. கடைசியில் நடுவில் நிறுத்தி, ஐகான்கள் சாமி மேல் படாமல் ஓரத்துக்குத் தள்ளினார். ரீசைக்கிள் பின் குப்பைத்தொட்டி ஆயிற்றே, அது வலது கோடியில் மூலைக்குப் போனது.

இடது ஓரத்தில் வரிசையாக மாப்பிள்ளைகள். ஆளுக்கொரு ஃபோல்டர், உள்ளே ஜாதகமும் போட்டோவும். ‘திண்டிவனம் பேங்க்’, ‘ஆவடி இன்ஜினியர்’ என்று பெயர். அந்த வரிசையில் ‘பொத்தேரி’ என்று ஒன்றை நான் நுழைத்தேன். அது நாவலூர் ஆபீசில் என் பக்கத்து சீட்டுக்காரருடைய ஊர். அவரைத் தவிர வேறு யாரையும் கட்டிக்கொள்வதில்லை என்று நான் எப்போதோ முடிவு செய்திருந்தேன். அவர் வீட்டில் காலேஜ் பிள்ளைகளுக்கு மெஸ் நடத்தினார்கள். அப்பா திறந்து பார்த்து, மெஸ்காரர் வீடா என்று மூடிவிட்டார். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது.

அந்தச் சமயத்தில் எழுத்து சின்னதாகத் தெரிகிறது என்று அப்பா ஸ்கிரீன் அளவை மாற்றினார். ஐகான்கள் எல்லாம் கலைந்து ஓடின. ‘திண்டிவனம் பேங்க்’ மட்டும் நேராகப் பெருமாள் பாதத்தில் போய் உட்கார்ந்தது. அளவை மாற்றினால் ஐகான் அப்படித்தான் கலையும் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். சாமி முன்னால் பூக்கட்டிப் பார்ப்பதும் இதுவும் ஒன்றுதான் என்றார் அப்பா. திண்டிவனத்துக்காரர்களுக்குப் போன் போயிற்று.

முள்ளை முள்ளால்தான் எடுக்கவேண்டும். மறுநாள் காலை ஆபீஸ் வேன் வருவதற்குள் திண்டிவனத்தை ஓரம்கட்டி, பொத்தேரியைப் பாதத்தில் வைத்துவிட்டு ஓடினேன். அப்பா பார்த்துவிட்டு, கம்ப்யூட்டரை அணைத்துத் திரும்பப் போட்டாராம். பிறகு பழையபடி மாற்றி வைத்தார். அடுத்த நாளும் பொத்தேரி பாதத்தில் இருந்தது. வைரஸ் இருக்கிறதா என்று சோதித்தார். சாமி படத்தில் பெண் விளையாடுவாள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அம்மா இதில் எதிலும் சேர்த்தி இல்லை. செங்கல்பட்டில் பிறந்து வளர்ந்தவள், மிக்சியையே ஒரு விரலால் தொடுவாள். மவுசைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்று கம்ப்யூட்டர் பக்கமே வரமாட்டாள்.

அப்பா பாதி மனசில் இருந்தபோது ஆபீசில் என்னை மைசூருக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்துக்காரர்கள் தேதி குறிக்க வருவதாக இருந்தது. இனி ஃபோல்டரை நகர்த்த ஆளில்லை.

சனிக்கிழமை அப்பா போன் செய்தார். குரல் ஒரு மாதிரி இருந்தது. தினமும் பொத்தேரிதான் பாதத்தில் இருக்கிறதாம். திண்டிவனத்தைத் தேடினால் அது குப்பைத்தொட்டியில் கிடக்கிறதாம்.

“பெருமாள் தீர்மானம் பண்ணிட்டார்மா. அவங்களை வரவேண்டாம்னுட்டேன்.”

இத்தனை நாள் பெருமாள் பெயரில் நான் செய்த தில்லுமுல்லை அவரே ஏற்று நடத்துகிறார் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கல்யாணம் முடிந்து மாலை கொடுக்க வரும்போது இன்னும் ஒன்பது சுற்று சேர்த்துச் சுற்றுவதாக வேண்டிக்கொண்டேன்.

கல்யாணம் சித்திரையில் நடந்தது. அடுத்த வாரமே காய்ந்த மாலையோடு திருவிடந்தைக்குப் போனோம். அப்பாவும் மாப்பிள்ளையும் அர்ச்சனைக்கு நின்றார்கள். நான் வெயிலில் பிரகாரம் சுற்றினேன். கல் கொதித்தது. ஏழாவது சுற்று முடிந்ததும் கால் தாங்காமல், அம்மா உட்கார்ந்திருந்த நிழலில் ஒதுங்கினேன். எதற்கு இத்தனை சுற்று என்று கேட்டாள். மைசூர் வேண்டுதலைச் சொன்னேன்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“நீ தெனம் காலையில அந்த எலிய உருட்டிகினு இருந்தியே, நான் பாத்துகினுதானே இருந்தேன். நீ இல்லாதப்ப நான் உருட்டினேன். உங்கப்பாவுக்கு நான் சொன்னா ஏறாது, பெருமாள் சொன்னாத்தான் ஏறும்.”

முன்பே சொல்லியிருந்தால் என் கால் தப்பித்திருக்குமே என்றேன்.

“வேண்டிகினது நீதானே. இன்னும் ரெண்டு சுத்து கீது, போ.”

போனேன். அந்த இரண்டு சுற்றிலும் நிழலைத் தாண்டும்போதெல்லாம் அம்மாவைப் பார்த்துத்தான் கும்பிட்டேன். அவள் சன்னிதியைப் பார்த்துக் கும்பிடு என்று கையைக் காட்டிக்கொண்டே இருந்தாள்.