சுரபுன்னைக்கு ஒரு பிடி உப்பு

போன வாரம் ஜமுனாமரத்தூர் சந்தையில் கருவாட்டுக் கடையைத் தாண்டும்போது நின்றுவிட்டேன். வாங்கப் போனது வெங்காயம். அந்த வாடை மூக்கில் ஏறியதும் கால் நகரவில்லை. உங்களுக்கு அது கருவாட்டு வாடை. எனக்கு, என் வீட்டுக்காரர் பஸ்ஸைவிட்டு இறங்கி வரும் வாடை.

எங்களுக்குக் கல்யாணமான வருஷம் சாமை சரியாக விளையவில்லை. எண்பதுகளின் ஆரம்பம். ஆறு கடலில் கலக்கும் கழிமுகத்தில், சேற்றில் மரம் நடுகிற வேலைக்கு ஒரு மேஸ்திரி மலையிலிருந்து ஆள் கூட்டிப்போனார். கன்று நட்டுப் பழகிய கை என்று இவரையும் சேர்த்துக்கொண்டார். எனக்கோ சொல்ல முடியாத கூச்சம். புருஷனை என்னவென்று கூப்பிடுவது என்றே தெரியாது. சோறு ஆனதும் கரண்டியால் சட்டியில் இரண்டு தட்டுத் தட்டுவேன். அவர் வந்து உட்காருவார். அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

முதல் தடவை லீவில் வந்தபோது மாமியாருக்குப் பை நிறையக் கருவாடு. எனக்கு, ஈரச் சாக்கில் சுற்றிய ஒரே ஒரு காய். முருங்கைக்காய் நீளம், வழவழவென்று பச்சை. குழம்பு வைக்கலாம் என்று நான் அரிவாள்மனையை எடுத்துவிட்டேன்.

"ஐயோ, அறுத்துடாதமே! அது கன்னு. சுரபுன்னை. மரத்துல தொங்கும்போதே முளைச்சு, அப்பறம்தான் சேத்துல வுழும். வேரெல்லாம் கால் மாதிரி வெளிய நிக்கும். அதும்மேல மீன் ஏறி உக்காரும்."

"மீன் மரம் ஏறுதாம், கேட்டுக்கோடி" என்று மாமியார் சிரித்தார்.

"மெய்யாலும்மா. ஒரு நண்டு கீது. ஆம்பள நண்டுக்கு ஒரு கை மட்டும் பெருசு. பொட்ட நண்டக் கூப்புட அத ஆட்டிக்கினே இருக்கும்." பிறகு என் பக்கம் திரும்பி, "வாயில்லாத நண்டே கைய ஆட்டுது. நீ அதுகூட மாட்டேன்றியே" என்றார்.

மறுநாள் பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக என்னையே பார்த்தார். சுற்றிலும் ஊர் ஜனம். நான் தரையைப் பார்த்தபடி நின்றேன். புளியமரத்து வளைவில் பஸ் மறைந்த பிறகுதான் தலை நிமிர்ந்தது. பிடிக்காத பெண் என்று நினைத்துப் போயிருப்பாரோ என்று அன்றிலிருந்து மனசு அடித்துக்கொண்டது.

வாயால் சொல்ல முடியாததை அந்தக் கன்றாவது சொல்லட்டும் என்று, உடைந்த பானையில் ஓடைச் சேற்றைப் போட்டு ஊன்றினேன். உப்புத் தண்ணீரில் வளர்கிற மரமாயிற்றே, தினம் மூன்று பிடி உப்பு போட்டேன். பத்து நாளில் காய் சுருங்க ஆரம்பித்தது. பயந்துபோய் இன்னும் ஒரு பிடி கூட்டினேன். என் புத்தி அப்படி.

"இன்னாடி, உப்புப் பானை காலியா கீது, எலி வுழுந்துச்சா?" என்றார் மாமியார்.

நான் கொல்லைப் பக்கம் கையைக் காட்டினேன். அவர் போய், சேற்றுத் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"தூ! கன்னு வளக்கிறியா, கருவாடு போடுறியா? ஆத்துத் தண்ணியும் கலக்குற எடம்னு அவன் சொன்னான்ல? கொழம்புக்குப் போடுற உப்பு போதும்டி."

அந்தச் சேற்றைக் கொட்டிவிட்டு வேறு சேறு போட்டோம். அப்புறம் இரண்டு பேரும் மாறி மாறி ருசி பார்த்துத்தான் தண்ணீர் ஊற்றினோம். எங்கள் வீட்டுக் குழம்பில் உப்பு குறைந்தாலும் சுரபுன்னைக்குக் குறையவில்லை.

அடுத்த லீவுக்கு அவர் வந்தபோது நுனியில் இரண்டு இலை விட்டிருந்தது. குத்துக்காலிட்டு ரொம்ப நேரம் அதையே பார்த்தார்.

"மலையில எப்பிடிம்மா பொழைச்சுது?"

"உன் பொண்டாட்டியக் கேளு."

லீவு முடிந்து அவர் கிளம்பினார். இந்தத் தடவை பஸ் நகர்ந்தபோது கையைத் தூக்கினேன். தோள் வரைக்கும்தான். வளையல் சரிந்து முழங்கைக்கு வந்தது.

"இன்னாமே, கொசு கடிக்குதா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே ஒரு கை நீண்டது. அந்த நண்டு மாதிரியே, புளியமரத்து வளைவு வரைக்கும் ஆடிக்கொண்டே போனது.

அந்த மார்கழிக் குளிரில் இலை கறுத்து, கன்று போய்விட்டது. அவரும் போய் நாலு வருஷம் ஆகிறது. கழிமுகத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை. படியில் அளந்த உப்பு பாக்கெட்டுக்கு மாறியது. ரோட்டை அகலமாக்கியபோது புளியமரத்தை வெட்டி வளைவை நேராக்கிவிட்டார்கள். இப்போது பஸ் வெகு தூரம் போகிற வரைக்கும் தெரிகிறது. கை ஆட்டத்தான் அதில் ஆள் இல்லை.