சாமியாகிப்போன பத்தொன்பது குதிரைகள்

என் வீட்டுக்கு முயல் வந்த கதை சுருக்கமானது. மகள் வேலைக்காகப் பினாங்கு போனாள். அவள் வளர்த்த முயல் என்னிடம் தங்கிவிட்டது. பெயர் கிடையாது. வைத்தாலும் அது திரும்பிப் பார்க்கப்போவதில்லை. பாக்கார் ஆராங்கில் எங்கள் வரிசை வீடுகளில் என்னைச் சுகமா என்று கேட்பார் இல்லை. "எப்ப அண்ணே முயல் குழம்பு?" என்றுதான் கேட்கிறார்கள். முதல் வருடம் சிரித்தேன். இப்போது கதவைச் சாத்திவிடுகிறேன்.

குதிரை செய்யும் பழக்கம் வேலை ஓய்வுக்குப் பிறகு தொற்றிக்கொண்டது. உண்மையில் யானை செய்யத்தான் உட்கார்ந்தேன். பழைய செய்தித்தாளை ஊறவைத்து மாவுப்பசையோடு பிசைந்து பிடித்தால், தும்பிக்கை நிற்கவே இல்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். எனக்குக் குதிரையாக முடிந்தது, அந்த மட்டில் லாபம். முயலுக்குக் குதிரையின் காது என்றால் உயிர். மாவுப்பசையின் ருசி அப்படி. சாயம் அதன் வயிற்றுக்குள் போய்விடுமே என்று காதுக்கு மட்டும் சாயம் பூசாமல் விடுவேன்.

மெர்போக்கில் ஒரு பிள்ளைகள் இல்லம் இருக்கிறது. பல வருடமாக மாதம் ஒருமுறை அங்கே அரிசி கொண்டுபோய்க் கொடுப்பேன். அங்கே சமையலுக்கும் துவையலுக்கும் ஒரே ஓர் அக்கா. முப்பது பிள்ளைகளின் பள்ளிச் சீருடையையும் கையால்தான் துவைப்பார். விரல் இடுக்கெல்லாம் வெடித்துப்போய், சோற்றைப் பிசைய முடியாமல், அடுப்படியில் நின்றபடியே அவர் கரண்டியால் சாப்பிடுவதை ஒருநாள் பார்த்துவிட்டேன். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"குதிரைய வித்து மெஷின் வாங்கித் தரேன்கா" என்றேன்.

"சரி தம்பி" என்றார். அவர் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. எனக்குச் சுருக்கென்றது.

இருபது குதிரைகள் செய்தேன். விற்பனையை எங்கள் வட்டார நற்பணி மன்றத் தலைவர் ஏற்றுக்கொண்டார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிற மனிதர். கோயில் மண்டபத்தில் மேசை போட்டார், தன் படம் போட்ட பேனர் கட்டினார். அதில் குதிரை எங்கே என்று தேட வேண்டியிருந்தது. கடைசி நிமிடத்தில், "நல்ல காரியம், சாமி கும்பிடாம ஆரம்பிக்கலாமா?" என்று பூசாரியைக் கூப்பிட்டார்.

பூசாரி ஒவ்வொரு குதிரையின் நெற்றியிலும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். ஒன்றை மட்டும் மேசைக்கு அடியில் தள்ளினார். "இதுக்குக் காது கடிபட்டிருக்கு. பின்னமானது பூசைக்கு ஆகாது" என்றார். மற்றப் பத்தொன்பதுக்கும் எலுமிச்சம்பழம் சுற்றிச் சூடம் காட்டினார். தலைவர் கைகூப்பியபடி கேமராவைப் பார்த்தார்.

அதோடு முடிந்தது வியாபாரம். வந்தவர்கள் குதிரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். வாங்கச் சொன்னால் பின்வாங்கினார்கள்.

"ஐயோ, இது முனீஸ்வரன் குதிர லா அண்ணே. எங்க வூட்ல வாரத்துல ஆறு நாள் கவிச்சி. எங்க கொண்டு வெக்கிறது?" என்றார் ஒருவர்.

ஓர் அம்மா சுருட்டைப் பற்றவைத்துக் குதிரைகளுக்கு முன்னால் வைத்துவிட்டு, மேசையை மூன்று முறை சுற்றி வந்தார். விற்றது மேசைக்கு அடியில் கிடந்த அந்த ஒன்றுதான். பண்டார் பாருவிலிருந்து வந்திருந்த ஒருவர், "இது வெறும் குதிரதானே?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு வாங்கிப்போனார்.

"மிச்சத்தக் கோயிலுக்கே குடுத்துடுங்க, புண்ணியம்" என்றார் தலைவர். புண்ணியம் துணி துவைக்குமா? வந்த கோபத்தில் பத்தொன்பதையும் காரில் அடுக்கிக்கொண்டு வீடு வந்தேன். வழியெல்லாம் அந்த அக்காவின் "சரி தம்பி"தான் கேட்டுக்கொண்டிருந்தது.

அப்புறம் நான் செய்ததைத் தலைவரிடம் இன்றுவரை சொன்னதில்லை. குதிரைகளை வரவேற்பறையில் வரிசையாக நிறுத்தினேன். "மன்னிச்சுக்க முனி" என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கூண்டைத் திறந்துவிட்டேன். முயலுக்கு இரண்டு நாள் பிடித்தது. நான்கைந்து குதிரைகளை அது சீண்டவே இல்லை. அவற்றின் காதில் வாழைப்பழம் தடவ வேண்டியிருந்தது. வேலை முடிந்ததும் பூசாரியை வரவழைத்துக் காட்டினேன். அவர் குனிந்து ஒவ்வொரு காதாகப் பார்த்தார். முயலையும் ஒரு பார்வை பார்த்தார்.

"எல்லாம் பின்னம். இனிமே பொம்மதான். எனக்கே ஒன்னு வெலைக்குக் குடுங்க, பேரப்புள்ள வெளையாடட்டும்."

மீதிப் பதினெட்டும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாசார் சந்தையில் விற்றுப்போய்விட்டன.

மெஷின் இல்லத்துக்கு வந்த அன்று தலைவரும் வந்தார். அக்காவின் கையில் பழைய வாளியைக் கொடுத்து, "கொஞ்சம் சோகமா பாருங்க" என்றார். படம் எடுத்துக்கொண்டார், தன் முயற்சியைத் தானே பாராட்டிப் பேசினார், போனார்.

அக்கா சீருடைகளை உள்ளே போட்டார். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று காட்டினேன். தண்ணீர் விழுந்து மெஷின் சுற்றத் தொடங்கியதும், அவர் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அதற்கு எதிரே உட்கார்ந்தார்.

"பக்கத்துலயே இருக்க வேணாம்கா. அதுவே தொவச்சிக்கும்."

"தெரியும் தம்பி. நீ போ. நான் சும்மா உக்காந்திருக்கேன்."

இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்திருந்தார். காருக்குள் போய் அழுதேன். இத்தனை வருடங்களில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.