முன் டயரில் குறைந்த காற்று

பந்தயத்துக்கு முன்னால் மகள் மாலா தன் காரின் டயரில் காற்றைக் குறைத்தாள். உஸ்ஸென்ற அந்தச் சத்தத்தில் நான் திரும்பிப் பார்த்தேன்.

"கொஞ்சம் கொறைச்சாதான்பா வளைவுல ரோட்ட நல்லா புடிக்கும்," என்றாள்.

ஜப்பான்காரன் காலத்தில், கிள்ளானில் எங்கள் வீட்டு வாசலில் கேட்ட சத்தம் அது. அப்பா லோரி ஓட்டுநர். சயாம் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் கட்டாயமாகப் பிடித்த ஆட்களை அவர்தான் கோலாலம்பூர் ஸ்டேஷனுக்கு ஏற்றிப்போக வேண்டும். அன்றைய பட்டியலில் எங்களோடு இருந்த அம்மாவின் தம்பி மணியம் மாமாவின் பெயரும் இருந்தது; வீட்டிலிருந்தே ஓடினால் குடும்பத்தையே பிடிப்பார்கள்.

விடிந்ததும் அப்பா குந்தி உட்கார்ந்து, தீக்குச்சியால் முன் டயரின் காற்றை இறக்கினார். பழைய ரப்பர் நெடி வாசலெங்கும் பரவியது.

"மச்சான், வளைவுல ஸ்டேரிங் கனக்கும். மெதுவாத்தான் திருப்ப முடியும், சோல்ஜருக்கும் சந்தேகம் வராது. பின்னால ஓரத்துல ஒக்காந்துக்க. குதிச்சி ரப்பர் காட்டுக்குள்ள ஓடிடு."

மாமா தலையாட்டினார்.

மாலையில் அப்பா திரும்பியதும் அம்மா கேட்டார், "தம்பி குதிச்சானாங்க?"

"ஓரத்துல இருந்தவங்க குதிச்சிட்டாங்க. இவன் பிள்ளைகுட்டிக்காரங்களுக்கு எடத்த விட்டுட்டு நடுவுல போயி ஒக்காந்துட்டான். நமக்கென்ன, கல்யாணம் ஆவாதவன்தானேன்னு நெனச்சிருப்பான்."

காட்டில் ஒளிந்திருப்பார் என்று மாமாவுக்குக் கொடுத்தனுப்ப அம்மா அவித்து வைத்திருந்த மரவள்ளிக்கிழங்கை, அந்தப் பஞ்சத்திலும் யாரும் தொடவில்லை. சயாமிலிருந்து மாமா திரும்பவேயில்லை.

மாலாவின் கார் வளைவில் வேகம் குறையாமல் திரும்பியது. எல்லாரும் கைதட்டினார்கள். நான் மட்டும், யாராவது குதிக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.