துளை விலகிய இடம்

ஆய்வகத்தில் எல்லாரும் அம்மாவைப் பவுடரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். முகத்துக்குப் பூசுகிற பவுடர் இல்லை, பவளப் பவுடர். பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் செத்துக் கல்லாகிப்போன பவளத்தைப் பலகை போல அறுத்துக் கொடுப்பார்கள். அது வளர்ந்த திசையிலேயே ஊசித் துளைக்கருவியை நகர்த்தி, உதிர்கிற தூளைக் குப்பிகளில் சேர்ப்பது அம்மாவின் வேலை. தும்மல் வந்தால் அறையை விட்டு ஓடிவிடுவார். ஒரு தும்மலில் ஒரு கோடைக்காலமே பறந்துவிடும் என்பார்.

குப்பிகள் வேறு ஊரில் இருந்த மகளுக்குப் போகும். தூளிலுள்ள ஆக்சிஜனை இயந்திரத்தில் அளந்து, அந்தக் கடல் எப்போது சூடேறியது, எப்போது குளிர்ந்தது என்று அவள் சொல்வாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோனில் பேசிக்கொள்வார்கள்.

"எப்படிம்மா இருக்க?"

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன். குப்பி வந்துச்சா?"

அவ்வளவுதான்.

கடைசிப் பெட்டி அம்மா இறந்த மறுவாரம் மகளிடம் வந்து சேர்ந்தது. அளந்தாள். வரைபடத்தில் ஏறி இறங்கி வந்த கோடு பாதியில் தட்டையாகிவிட்டது. அவளுடைய பேராசிரியருக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை.

"பாத்தியாம்மா, கடல் இத்தனை வருஷம் அலட்டிக்காம இருந்திருக்கு! கடலைச் சூடேத்துற எல் நினோ எட்டிக்கூடப் பாக்கலை. கட்டுரையில உங்கம்மா பேரையும் போட்டுடலாம்."

அம்மாவின் பெயர் அச்சில் வந்ததே இல்லை. ஆனாலும் கல்லைப் பார்க்காமல் சரி என்று சொல்ல மகளுக்கு மனம் வரவில்லை. அம்மாவின் ஊருக்கு ரயிலேறினாள்.

பலகை அம்மாவின் மேசையிலேயே இருந்தது. அதன் எக்ஸ்ரே படத்தை எடுத்து மேலே வைத்தாள். ஆண்டு வரிகள் விசிறி விசிறியாக விரிந்திருந்தன. துளைக்கோடு ஒரு விசிறியின் நடுத்தண்டில் நேராக வந்து, பாதியில் மெல்ல விலகி, இரண்டு விசிறிகள் முட்டிக்கொள்ளும் இடுக்கில் இறங்கியிருந்தது. அங்கே எடுக்கும் தூளில் கோடையும் குளிரும் கலந்துவிடும். கோடு தட்டையாகத்தான் வரும்.

கல் அறுப்பவர் வாசலில் வந்து நின்றார்.

"கடைசியில கல்லை மூக்கோட ஒட்டி வெச்சுத்தான் பாப்பாங்க. 'என்ன பவுடரம்மா, கல்லுக்கு முத்தம் குடுக்குறீங்களா?'ன்னு கேப்பேன். 'போய்யா, உன் ரம்பத்தைப் பாரு'ம்பாங்க."

"கண்ணு தெரியலைன்னு சொன்னாங்களா?"

"வாயே திறக்கலைம்மா. உங்ககிட்ட சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன்."

அவள் பேராசிரியரை ஃபோனில் கூப்பிட்டாள்.

"சார், அந்த அமைதி பொய். துளை தண்டை விட்டு விலகிடுச்சு."

"அப்போ கட்டுரையே இல்லையேம்மா. உங்கம்மா பேரு..."

"இல்ல சார்."

அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். தாழ்வாக இருந்தது. உயரத்தை மாற்றவில்லை. விலகிய கோட்டுக்குப் பக்கத்தில், தண்டின்மேல், புதிதாகத் துளைத்தாள். ஒருமுறை கண் நிறைந்தபோது தூளில் சொட்டிவிடாமல் எழுந்து, வெளியே போய்த் துடைத்துக்கொண்டு வந்தாள்.

ஊர் திரும்பி அளந்தாள். கோடு ஏறியது, இறங்கியது, ஓரிடத்தில் எகிறியது. கடல் அத்தனை ஆண்டும் கொந்தளித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஃபோன் இயந்திரத்தின் பக்கத்தில் கிடந்தது.