‘இது பொய்’ என்று சொல்லிப் பிழைக்கிறேன்

குடும்பக் குரூப்பில் ‘இது பொய்’ என்று ஒரு தடவையாவது எழுதி, சொந்தக்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்கு என் பாடு புரியும். ஹைதராபாத்தில் ஓர் அலுவலகத்தில் அதையே நான் சம்பளத்துக்குச் செய்கிறேன். போனில் சுற்றிவரும் செய்திகள் மெய்யா பொய்யா என்று விசாரித்து எழுதும் வேலை.

நல்ல சட்டம்

பாலாநகரில் இருக்கும் என் பெரியப்பா ஒரு செய்தி அனுப்பினார். பொய்ச் செய்தி பரப்புகிறவர்களின் போனை அரசாங்கம் பறிமுதல் செய்யும், இன்று முதல் புதுச் சட்டம், எல்லோருக்கும் அனுப்பவும் என்றிருந்தது. விசாரித்தேன். அப்படி ஒரு சட்டமே இல்லை. கூப்பிட்டுச் சொன்னதும் பெரியப்பா கொஞ்சம் யோசித்தார்.

“பொய்யாவே இருக்கட்டும்மா. சட்டம் நல்ல சட்டம்தானே?”

பிள்ளை பிடிக்கிறவர்

திருமுல்கேரியில் ஆட்டோ ஓட்டும் செல்வம், பல் டாக்டரிடம் வரமாட்டேன் என்று அழுத மகளைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றியிருக்கிறார். யாரோ அதைப் படமெடுத்து, ‘பிள்ளை பிடிக்கிறவன், உஷார்’ என்று போட்டுவிட்டார்கள். சவாரி நின்றது. ஒரு தெருவில் கல்லெறிந்து ஆட்டோ கண்ணாடியை உடைத்தார்கள். போலீசில் கேட்டால், அந்த ஆப்பை நடத்தும் கம்பெனிதான் படத்தை நீக்க வேண்டும் என்றார்கள். கம்பெனியோ ‘பரிசீலிக்கிறோம்’ என்ற ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப அனுப்பியது.

நாங்கள் உண்மையை எழுதினோம். அதை எங்கள் அலுவலகத்தோடு இன்னும் சிலர் படித்தார்கள். படம் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. அரசாங்கம் சட்டம் போட்டு உடனே எடுக்கவைத்தால்தான் உண்டு என்று அவரிடம் ஆற்றாமையோடு சொன்னேன்.

“அவ்வளவு நாளெல்லாம் நக்கோ, வேணாம் மேடம். போட்டவங்க யாருன்னு மட்டும் சொல்லுங்க. அவங்க பிள்ளைங்களைத் தினமும் நானே ஸ்கூல்ல விட்டுட்டு வரேன். அப்புறமாவது நம்பட்டும்.”

பள்ளம்

மழைக்காலத்தில், எங்கள் அலுவலகத்துப் பின்தெருவில் பெரிய பள்ளம் என்று ஒரு படம் பரவியது. ‘இது வேறு ஊர்ப் படம், பொய் என்று எழுதுங்கள்’ என்று ஓர் அதிகாரி எங்களுக்குத் தகவல் அனுப்பினார். அரசாங்கமே சொல்கிறதே, எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று எனக்குச் சபலம். கூட வேலை பார்க்கும் ஸ்ரீனிவாஸ், நேரில் பார்த்துவிட்டு வருகிறேன் என்று குடையோடு கிளம்பினார். சற்று நேரத்தில் போன் வந்தது. பின்னால் தண்ணீர்ச் சத்தம்.

“மேடம், படம் கரெக்ட். நான் இப்போ அதுக்குள்ளதான் நிக்கிறேன்.”

இப்போதெல்லாம், பொய்ச் செய்திகளை அரசாங்கம் கட்டுப்படுத்த வேண்டுமா என்று கேட்பவர்களிடம் ‘வேண்டும், ஆனால்...’ என்று ஆரம்பிக்கிறேன். ‘வேண்டும்’ வரைக்கும் மட்டும் வெட்டி எடுத்து, என் படத்தோடு எல்லோருக்கும் அனுப்பிவிடுகிறார்கள்.