மூன்றாம் குடிலில் யாரும் சமைக்கவில்லை

லூர்தம்மாவுக்கு வாழ்நாளில் முதல் விடுமுறை கிடைத்தபோது வயது நாற்பத்தெட்டு. மன்னாரில் கன்னியாஸ்திரிகளின் ஆஸ்பத்திரியில் பதினொரு வருடம் நோயாளிகளைப் புரட்டிக் கழுவினார். எண்பத்து நான்கில் தம்பி யேசுரட்ணத்தோடு டென்மார்க் வந்து, வைலே நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் அதே வேலையில் சேர்ந்தார். டேனிஷ்காரர் நீளம் கூடியவர்கள், கால் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மற்றப்படி வித்தியாசம் இல்லை.

எண்பத்தாறாம் ஆண்டு செப்டெம்பரின் இரண்டாவது கிழமை, ஏழு நாளும், அவருக்கு ஒதுக்கப்பட்டது. அதை மாற்ற முடியாது என்று எழுத்திலேயே கொடுத்துவிட்டார்கள். கூட வேலை செய்த இங்கர், நோர்வே மலைகளைப் பற்றிச் சொன்னாள். காலையில் ஒரு குடிலில் இருந்து புறப்பட்டால் மாலையில் அடுத்த குடில். கதவு பூட்டியிருக்கும், திறப்பைக் கையோடு கொண்டு போக வேண்டும். உள்ளே விறகு, கட்டில், டின் மீன் எல்லாம் இருக்கும், ஆள் மட்டும் இருக்காது.

ஆள் இருக்காது என்ற இடத்தில் லூர்தம்மா மனதைக் கொடுத்துவிட்டார். ஒரு கிழமைக்கு யாரையும் எழுப்ப வேண்டாம், ஊட்ட வேண்டாம், தூக்க வேண்டாம்.

தனியாகப் போக யேசுரட்ணம் விடவில்லை. "ஒரு பொம்பிளை தனிய மலைக்கோ? ஆக்களைச் சேர்ப்பம்," என்று ஓடிப்போய்த் தன் கூட்டாளி தவராஜாவிடம் சொன்னார். தவராஜா, யாழ்ப்பாணத்தில் ஸ்ரேசன் மாஸ்டராக இருந்த சபாரத்தினத்திடம் சொன்னார். அடுத்த சனிக்கிழமையே 'வைலே தமிழர் மலைநடைச் சங்கம்' தொடங்கிவிட்டது. சபாரத்தினம் தலைவர், தவராஜா செயலாளர், யேசுரட்ணம் உபதலைவர். உணவுக்குப் பொறுப்பு லூர்தம்மா. அவரை யாரும் கேட்கவில்லை.

"கொட்டிலுக்குக் கொட்டில் நடக்கிறதுக்கோ நாட்டை விட்டு வந்தனாங்கள்?" என்றார் தவராஜா.

"நீர் செயலாளர், ஐசே. கதைக்காமல் எழுதும்," என்றார் தலைவர்.

தவராஜா எழுதினார். அரிசி பத்துக் கிலோ, பருப்பு, மிளகாய்த்தூள், இடியப்ப உரல் ஒன்று.

"உரலை ஆர் மலைக்குக் காவுறது?" என்று கேட்டார் லூர்தம்மா.

"ஆக்களையே தூக்கின கை. உரல் ஒரு பாரமோ, லூர்தக்கா?" என்றார் தவராஜா.

நான்கு கூட்டம் நடந்தது. லூர்தம்மா இதற்கிடையில் நால்வருக்கும் கப்பலில் இடம் பதிந்துவிட்டார். ஐந்தாவது கூட்டத்தில், வெள்ளோட்டம் விடாமல் ஒரு றெயிலும் ஓடியதில்லை என்று தலைவர் அறிவித்தார். ஆகவே வைலேக்குள்ளேயே ஒத்திகை. தவராஜா வீடு முதலாம் குடில், தலைவர் வீடு இரண்டாம் குடில், மூன்றாம் மாடியில் லூர்தம்மாவும் தம்பியும் இருந்த வீடு மூன்றாம் குடில். மொத்தம் ஒன்பது கிலோமீற்றர். ஒத்திகை தேறினால் பயணம், தேறாவிட்டால் இல்லை.

காலை எட்டு மணிக்கு றெயில் நிலையத்தில் புறப்பட்டு, எட்டு நாற்பதுக்கு முதலாம் குடிலை அடைந்தார்கள். தவராஜாவின் மனைவி தவமலர் இடியப்பமும் சொதியும் சம்பலும் வைத்துக்கொண்டு நின்றார்.

"தவமலர், இது மலைக் கொட்டில். இங்க ஒருத்தரும் இல்லை எண்டு நினை," என்றார் லூர்தம்மா.

"ஒருத்தரும் இல்லையெண்டா சொதியை ஆர் வைச்சது? இருங்கோ அக்கா. வீட்டுக்கு வந்தவை வாய் நனைக்காமல் போறதோ?"

ஆண்கள் சப்பாத்தைக் கழற்றினார்கள். பதினொன்றரைக்குத்தான் திரும்பப் போட்டார்கள்.

இரண்டாம் குடிலில் தலைவரின் மனைவி ஞானேஸ்வரி சோறும் ஏழு கறியும் பாயசமும் வைத்திருந்தார். தன் வீட்டில் தானே விருந்தாளியாக வந்த சபாரத்தினம், "எனக்குப் போதும், காணும்," என்று இரண்டு தரம் மறுத்து, மூன்றாம் தரம் வாங்கிச் சாப்பிட்டார். பிறகு மூவரும் நித்திரை. லூர்தம்மா பையை முதுகில் போட்டபடியே கதிரையில் இருந்து மணிக்கூட்டைப் பார்த்தார்.

ஐந்து மணிக்கு மூன்றாம் குடிலின் படிகளில் மூவரும் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறினார்கள். கதவு பூட்டியிருந்தது. லூர்தம்மா திறப்பைத் தலைவரிடம் நீட்டினார்.

"அரிசி இருக்கு, டின் மீன் இருக்கு, வெங்காயம் இருக்கு. வந்தவைதான் சமைக்கவேணும், வந்தவைதான் கழுவவேணும். மலையில சட்டம் அதுதான்."

"அக்கா, பகிடி விடாதை," என்றார் யேசுரட்ணம்.

"நீ வழிப்போக்கன், தம்பி. இண்டைக்கு இது உன்ர வீடில்லை."

யாருக்கும் பசி இல்லை, அதனால் யாரும் சமைக்கவில்லை. ஆனால் வந்த வீட்டில் சாப்பிடாமல் எழும்பவும் அவர்களால் முடியவில்லை. போட்ட கோட்டைக் கழற்றாமல் நால்வரும் ஆறரை மணிவரை ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். தன் அறைக்குப் போகலாமா என்று யேசுரட்ணம் ஒரு தரம் கேட்டார். தலைவர் அனுமதிக்கவில்லை.

கடைசியில் தவராஜா கொப்பியை முழங்காலில் வைத்துத் தீர்மானம் எழுதினார். வரவேற்க ஆளில்லாத காரணத்தால் நோர்வே மலைகள் தமிழருக்கு ஏற்றவையல்ல. மலைநடை இனி மாதத்துக்கு ஒரு தரம் வைலேயிலேயே, வீட்டுக்கு வீடு நடைபெறும். ஆதரவு மூன்று, எதிர்ப்பு ஒன்று.

தீர்மானம் போட்ட பிறகு லூர்தம்மா தேத்தண்ணி வைத்தார். தனக்கு மட்டும்.

அடுத்த சனிக்கிழமை, நோர்வேக் கப்பல் புறப்படும் பிரெடெரிக்ஸ்ஹாவ்னுக்கான றெயிலுக்கு அவர் நின்றபோது, யேசுரட்ணம் மேல்மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்.

"அக்கா, கூட்டத்தில தீர்மானம் போட்டதெல்லே!"

"ஓம். அதை நீங்கள் காவுங்கோ. நான் பையைக் காவுறன்."

ஐந்து நாள் நடந்தார், நான்கு குடிலில் தங்கினார். இரண்டு நாள் மழை, ஒரு நாள் வழி தவறினார், ஒரு குதிக்கால் கொப்பளித்தது. ஒவ்வொரு மாலையும் டின் மீனைத் திறந்து தின்று, ஒரே ஒரு கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுத்தார். யாரும் மணி அடித்து அவரைக் கூப்பிடவில்லை.

ஒக்டோபர் கூட்டத்தில் செயலாளர் அறிக்கை வாசித்தார். சங்கத்தின் முதலாவது மலைப்பயணம் தலைவரின் வழிகாட்டலில் இனிதே நிறைவேறியது. பங்குபற்றியோர் ஒருவர், சமூகமளிக்காதோர் மூவர். எல்லோரும் கை தட்டினார்கள். அடுத்த வருடத்துக்கும் இப்படியே சிறப்பாகச் செய்ய ஒரு உபகுழு போடவேண்டும் என்று தலைவர் முன்மொழிந்தார்.

அடுத்த செப்டெம்பருக்கான விடுமுறைக் கடிதத்தை லூர்தம்மா அன்று காலையே வேலைத்தலத்தில் கொடுத்திருந்தார். உபகுழுவுக்கு அவரும் கை உயர்த்தினார். கடிதத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.